கொள்ளிடத்து இறாலும் நாசிக் ஒயினும்

திருச்சிக்குக் கடல் கிடையாது. ஆனால் இறால் இல்லாத அசைவ மெனுவை இந்த ஊரில் எவரும் மதிப்பதில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று கரையோரத்தில் ராத்திரி ஐஸ் போட்டு ஏற்றும் பெட்டிகள், விடிவதற்குள் குழுமணி ரோட்டு காசிவிளங்கி மீன் மார்க்கெட்டில் இறங்கிவிடும். கன்டோன்மென்டில் இருந்த எங்கள் ஓட்டல் கிச்சனுக்கு அங்கிருந்துதான் சரக்கு. மாஸ்டரோடு நானும் போவேன். ஸ்டூவர்டாகச் சேர்ந்து, கேப்டனாகி, ரெஸ்டாரன்ட் மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். கோட்டு போடுகிறவனுக்கு மீன் மார்க்கெட்டில் என்ன வேலை என்று பர்ச்சேஸ் ஆட்கள் கேட்பார்கள். இறாலை முகர்ந்து பார்க்காமல் அதற்கு ஒயின் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

அங்கே இறால் விற்கும் அக்கா ஒருவருக்கு, நான் ஸ்ரீரங்கத்துக்காரன், அதுவும் முட்டைகூட உள்ளே வராத வீடு என்பது எப்படியோ தெரிந்துபோயிருந்தது. "என்ன சாமி, இன்னிக்கும் மோந்து பாக்க மட்டுந்தானா?" என்பார். தலை உடம்போடு இறுக்கமாக நிற்கிறதா, ஓட்டில் கறுப்பு விழுந்திருக்கிறதா, மூக்கில் அமோனியா ஏறுகிறதா, இவ்வளவுதான் பார்ப்பேன். கறுப்பு விழுவது அழுகலின் அடையாளம் அல்ல. இறாலின் உடம்பிலேயே இருக்கும் ஒரு நொதி, ஆப்பிளை நறுக்கி வைத்தால் நிறம் மாறுகிறதே, அந்த வேலையைச் செய்கிறது. அதைத் தடுக்க சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். ஒயின் கெடாமல் இருக்க அதில் சேர்ப்பதும் சல்ஃபைட்தான். முக்கியது அளவு மீறியிருந்தால் சமைத்த பிறகும் தொண்டையில் ஒரு கமறல் நிற்கும். அந்த இறாலைத் தின்று மேலே ஒயினும் குடித்த விருந்தாளி, தும்மலுக்கும் கமறலுக்கும் ஒயினைத்தான் திட்டுவார்.

மூன்று வகை இறால் எங்களுக்கு வரும். கடல் வெள்ளை இறால், பண்ணை வனாமி, எப்போதாவது ஆத்து இறால். வனாமி நம் கடலுக்குச் சொந்தமானது அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையிலிருந்து வந்த இனம். 2009-ல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்ததும் சில வருஷத்தில் மற்ற இறால்களை மார்க்கெட்டிலிருந்து ஓரங்கட்டிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த 61 நாளும் ஓட்டல்காரனைக் காப்பாற்றுவது வனாமிதான். குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் நாக்கு சொல்லிவிடும். இறாலின் தித்திப்புக்குக் காரணம் கிளைசின் போன்ற அமினோ அமிலங்கள். வெளியே உப்பு கூடக் கூட, அதைச் சமாளிக்க இறால் தன் தசையில் இவற்றைச் சேர்த்துக்கொள்ளும். உப்பு குறைந்த குளத்தில் வளர்ந்ததற்கு அந்தத் தேவை குறைவு, தித்திப்பும் குறைவு. இந்தத் தித்திப்பு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் ஒயின்காரனின் கணக்கு ஆரம்பிக்கிறது.

துவாக்குடி கேட்டரிங் காலேஜில் படிக்கும்போது மேஜை மேல் எந்தக் கிளாஸ் எந்தப் பக்கம் என்பது மனப்பாடம். நிஜமான ஒயினை வாயில் வைத்தது வேலைக்கு வந்த பிறகுதான். இறாலும் அப்படியே. இரண்டையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்டவன் என்பதால் சின்ன வயசுப் பழக்கம் எதுவும் என் தீர்ப்பில் குறுக்கே வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் இதெல்லாம் பேச்சில் வராது. அப்பாவுக்கு நான் "ஓட்டல் உத்தியோகம்", அதோடு சரி. அம்மா ஷிஃப்ட் முடிந்து வரும்போது கிணற்றடியில் வாளியையும் சோப்பையும் எடுத்து வைத்திருப்பாள். கேள்வி கேட்டதில்லை.

இந்த ஊரில் ஒயின் கேட்பது யார்? சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானத்தில் வந்து இறங்கும் சொந்தக்காரக் கூட்டம். பெல் தொழிற்சாலைக்கும் அதைச் சுற்றிய ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளுக்கும் வந்து போகும் வெளிநாட்டு இன்ஜினியர்கள். கல்யாண நாள் கொண்டாடும் டாக்டர் தம்பதிகள். மற்றபடி தமிழ்நாடு பிராந்தி தேசம். சில்லறை வியாபாரம் முழுவதும் 2003 நவம்பரில் டாஸ்மாக் கைக்குப் போனது. லைசன்ஸ் உள்ள பாரும் சரக்கை டாஸ்மாக் கிடங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே ஒயின் லிஸ்ட் போடுவது ஆசைப்பட்டதை எழுதுவது அல்ல, வந்ததை வைத்துச் சமாளிப்பது. மேல்நாட்டுப் புத்தகங்கள் இறாலுக்கு மஸ்கடே, அல்பரீன்யோ, ஷப்லி என்று அடுக்கும். எங்களிடம் இருந்தது நாசிக் பக்கத்துச் செனின் பிளாங்க், சொவினியோன் பிளாங்க், ஒரு ரோஸே, நுரைக்கும் ப்ரூட் ஒன்று; நந்தி மலை அடிவாரத்துச் சிவப்பு இரண்டு. பிறகு நாசிக் ரீஸ்லிங்கும் வந்தது. நந்தி மலையில் குரோவர் தோட்டம் 1988-ல் ஆரம்பித்தது. நாசிக்கில் சூலா கம்பெனியின் முதல் ஒயின் 2000-ல் வந்தது. அதற்கு முன்னால் திருச்சியில் ஒயின் லிஸ்ட் என்று ஒன்று போட்டிருந்தால் அதில் பெரும்பாலும் அட்டைதான் இருந்திருக்கும்.

புத்தகங்களை நான் குறை சொல்லவில்லை. அவை பேசும் இறால் வேறு. உப்புத் தண்ணீரில் வேகவைத்து எலுமிச்சை பிழிந்தது, இல்லையென்றால் வெண்ணெயில் பூண்டு போட்டுப் புரட்டியது. அங்கே ஒயின் இறாலோடு நேருக்கு நேர் பேசுகிறது. எங்கள் கிச்சனில் இறால் வாணலிக்குள் போவதற்குள் புளி, மிளகாய், மிளகு, சோம்பு, பட்டை, தேங்காய் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் இறாலே இறங்கும். ஆக, திருச்சியில் ஒயினைச் சேர்க்க வேண்டியது மசாலாவோடு. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன். இதை ஒவ்வொரு மேஜையிலும் நிரூபித்துக் காட்டுவதில்தான் என் உத்தியோக காலம் போனது.

முதல் சண்டை புளியோடு. எங்கள் மாஸ்டர் காரைக்குடிப் பக்கத்துக்காரர், கை தாராளம். முருங்கைக்காய் போட்ட இறால் புளிக்குழம்பு அவர் பெருமை. சொவினியோன் பிளாங்க் நல்ல புளிப்புள்ள ஒயின், தனியாகக் குடித்தால் பச்சை மாங்காய் மாதிரி நாக்கைச் சொடுக்கும். இந்தக் குழம்பில் ஒரு வாய்க்குப் பிறகு குடித்தால் தண்ணீர்.

"மாஸ்டர், இன்னிக்குப் புளி கொஞ்சம் தூக்கலோ?"

"ஏன் தம்பி, உங்க ஒயினுக்கு வலிக்குதாக்கும்? வலிச்சா கொழம்ப விட்டுட்டு ஒயின மாத்துங்க."

அவர் சொன்னதுதான் சரி. தட்டில் இருக்கும் புளிப்பு கிளாசில் இருக்கும் புளிப்பை மிஞ்சிவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அதிலும் இது சாதாரண எதிரி இல்லை. திராட்சையின் முக்கியமான அமிலம் டார்டாரிக். புளியின் புளிப்புக்கும் அதே டார்டாரிக்தான். ஒரே அமிலம் குழம்பில் பல மடங்கு அடர்த்தியாக வந்தால் ஒயினில் இருப்பதை நாக்கு எப்படிக் கண்டுகொள்ளும்? புளிப்பை வைத்துப் புளியை ஜெயிக்க முடியாது என்பது எனக்கு அந்தக் குழம்பில் விளங்கியது. வீட்டில் புளிக்காய்ச்சல் கிளறும்போது அம்மா கடைசியில் துளி வெல்லம் போடுவாள். புளி குறையாது, அதன் முனை மட்டும் மழுங்கும். அதே வழியில் போனேன். கொஞ்சம் சர்க்கரை மிச்சம் இருக்கும் ஒயின்: நாசிக் செனின் பிளாங்க், கிடைத்தபோது ரீஸ்லிங். இரண்டிலும் தித்திப்புக்கு அடியில் நல்ல புளிப்பும் உண்டு, அதனால் பாயசம் மாதிரி வழியாது. புளிக்குழம்புக்குப் பக்கத்தில் செனின் வைத்த பிறகுதான் அந்த மேஜைகளில் இரண்டாவது கிளாஸ் போக ஆரம்பித்தது.

அடுத்தது மிளகாய். இதில் மேஜைக்கு மேஜை ஒரு வேதாந்தம் கேட்கலாம். காரத்துக்கு ஸ்ட்ராங்காக ஏதாவது குடித்தால் அடங்கும் என்பது நம் ஊர் ஆண்களின் நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மிளகாயின் கேப்சைசின் தட்டி எழுப்பும் நரம்பு முனையும், சூடு பட்டால் எரிச்சல் சொல்லும் நரம்பு முனையும் ஒன்றே. 42 டிகிரி வாக்கில் அது விழிக்கும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று 2002-ல் ஒரு ஆய்வு காட்டியது. நம் உடம்புச் சூடே 37. அதாவது வாயின் சொந்தச் சூடே எரிய ஆரம்பிக்கும். 14.5 சதவீத ஷிராஸோடு செட்டிநாட்டு இறால் வறுவல் தின்றவர் காது சிவந்து உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். காரம் ஏற ஏற ஆல்கஹால் இறங்க வேண்டும், சர்க்கரை கொஞ்சம் ஏற வேண்டும், பாட்டில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். நுரைக்கும் ஒயினையும் கடுங்காரத்துக்கு நான் சொல்வதில்லை. குமிழி அந்த எரிச்சலைக் குத்திக் கிளறும். ஆனால் அரிசி மாவு தூவி மொறுமொறுவென்று பொரித்த இறாலுக்கோ இறால் வடைக்கோ ப்ரூட் மாதிரி வேறு எதுவும் இல்லை. எண்ணெயைக் கழுவிவிட்டு அடுத்த வடைக்கு வாயைத் தயார் செய்யும்.

மிளகு வறுவலை மிளகாயோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. மிளகின் காரம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். கூடவே ஒரு மரவாசனை. அதற்கு ரோஸே. லிஸ்டில் யாரும் சீண்டாமல் கிடந்த பாட்டில் அது. நிறத்தைப் பார்த்து "லேடீஸ் ட்ரிங்க்" என்று ஒதுக்குவார்கள். நான் சாப்பாடு வந்த பிறகு ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பேன், நிறத்தைப் பற்றி வாதாட மாட்டேன்.

இனி சிவப்பு. ஒயின் என்றால் சிவப்பு என்றுதான் இங்கே நினைப்பு. டாக்டர்களே "இதயத்துக்கு நல்லது" என்று சொல்லி வரவழைப்பார்கள். அந்த வாதத்துக்குள் நான் போவதில்லை, மருந்து விற்பது என் வேலை அல்ல. இறாலோடு சிவப்பு குடித்தால் சிலருக்கு வாயில் கவுச்சியும், நாணயத்தை நக்கினது போல ஒரு சுவையும் வரும், சிலருக்கு வராது. ஒரே லேபிளிலேயே ஒரு வருஷத்து பாட்டில் படுத்தும், இன்னொரு வருஷத்து பாட்டில் சும்மா இருக்கும். டானின்தான் காரணம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 2009-ல் ஜப்பானின் மெர்ஷன் ஒயின் கம்பெனி ஆய்வாளர்கள், பல ஒயின்களை ஸ்காலப் என்ற சிப்பியோடு சுவைத்துப் பார்த்து வேறு ஆளைப் பிடித்தார்கள்: இரும்பு. ஒயினில் இரும்புச் சத்து லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் கவுச்சி தெரிகிறது. அந்த இரும்பு கடல் உணவின் கொழுப்போடு சேர்ந்ததும் கவுச்சி வாசனை கிளம்புகிறது. இரும்பு மண்ணிலிருந்து வரலாம், ஒயின் செய்யும் பாத்திரத்திலிருந்தும் வரலாம், லேபிளில் எழுதியிருக்காது. அதைப் படித்த பிறகு, சிவப்பு கேட்கிறவரிடம் "வேண்டாம் சார்" என்று சொல்வதை விட்டேன். முதலில் கால் கிளாஸ். கவுச்சி அடித்தால் அவரே வைத்துவிடுவார். அடிக்காவிட்டால் இறால் பிரியாணிக்கு இளசான, லேசான சிவப்பு பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

மார்க்கெட் இருக்கும் உறையூரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சோழர்களின் பழைய தலைநகரம். சங்க காலத்தில் மேற்கிலிருந்து ஒயின் நம் கரைக்கு வந்தது நிச்சயம். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் வைத்திருக்கிறார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது அந்த ஒயின் ஜாடிகளின் உடைசல் கிடைத்தது. பிறகு அவற்றை ஆராய்ந்தவர்கள் அவற்றில் பெரும்பகுதி கிரேக்கத்துக் கோஸ் தீவு ஜாடி வகை என்றார்கள். கோஸ் ஒயினின் விசேஷம், அதில் கடல் நீர் கலப்பார்கள். கேட்கக் குமட்டலாம். ஆனால் இன்றும் ஸ்பெயினில் சான்லூகர் என்ற கடற்கரை ஊரில் மன்சானீயா என்று, உப்புக்காற்றில் முதிர்ந்த ஒரு ஷெரியை இறாலோடுதான் குடிக்கிறார்கள். உப்புக்கும் இறாலுக்கும் உள்ள உறவு அப்படி. அரிக்கமேட்டுக் கரையில் யாராவது அந்த ஜாடியைத் திறந்து பக்கத்தில் சுட்ட இறாலும் வைத்திருந்தால், என் லிஸ்டைவிட அது நல்ல பொருத்தம்.

எந்த ஒயின் என்பதைவிட எந்தச் சூட்டில் என்பதுதான் திருச்சியில் பெரிய கேள்வி. அக்கினி நட்சத்திரத்தில் 40-ஐத் தாண்டும் ஊர். சரக்கு வேனில் மத்தியானம் நின்ற பாட்டிலில் கார்க் மேலே தள்ளியிருக்கும். அதைத் திறக்காமலே திருப்பி அனுப்பலாம், உள்ளே வெந்திருக்கும். திருகு மூடி வந்த பிறகு இந்த அடையாளமும் போயிற்று. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரன்ட் இருக்காது. ஜெனரேட்டர் லைன் ஏசிக்கும் லிஃப்டுக்கும் கிச்சன் ஃப்ரீஸருக்கும் போகும். ஒயின் ஃபிரிட்ஜ் கடைசி வரிசை. அப்போது எங்களைக் காப்பாற்றியது உப்புதான். பக்கெட்டில் வெறும் ஐஸை நிரப்பினால் பாட்டிலைச் சுற்றிக் காற்றுதான் அதிகம். பாதி ஐஸ், பாதி தண்ணீர், மேலே இரண்டு கை கல்லுப்பு. பாட்டிலை கழுத்துவரை இறக்கி, மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தால் இருபது நிமிஷத்துக்குள் 10 டிகிரிக்கு வந்துவிடும். புதுப் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதுதான். திராட்சை ரகத்தின் பெயர்களெல்லாம் பிறகு. ஊற்றுவதும் குறைவாக. கால் கிளாஸுக்கு மேல் ஊற்றினால் பேசி முடிப்பதற்குள் அது ரசமாகிவிடும்.

புரட்டாசி வந்தால் இறாலும் ஒயினும் சேர்ந்து படுத்துவிடும். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சொல்லவே வேண்டாம், இந்தப் பக்கமும் அசைவம் பாதியாகும். அந்த மாதத்தில் மாஸ்டரை உட்கார வைத்து அடுத்த சீசன் மெனுவைப் பேசுவோம். அப்படிப் பேசிப் பிறந்ததுதான் ஆத்து இறால் தேங்காய்ப்பால் குழம்பு.

கொள்ளிடத்தில் கிடைக்கும் ஆத்து இறால் வேறு ஜாதி. கொடுக்கு நீளம், தலையில் கொழுப்பு அதிகம், சதை மிருது. இது நன்னீரில் வாழ்ந்தாலும் இதன் குஞ்சு பொரித்து வளர உப்பங்கழி வேண்டும். பிறகு ஆற்றை எதிர்த்து ஏறி வர வேண்டும். ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். தஞ்சாவூர் வயலுக்குத் தண்ணீர் நின்றது, இறாலுக்கு வழியும் அங்கேயே நின்றது. அதனால் எங்கள் கைக்கு வருவது கீழணைப் பக்கத்துச் சரக்கு, அதுவும் தண்ணீர் ஓடும் மாதங்களில், சொல்லி வைத்தால்.

இதற்கு மாஸ்டர் மசாலாவைக் கட்டினார். புளி இல்லை. மிளகாய் வற்றல் இல்லை, பச்சை மிளகாய் இரண்டு கீறி. சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, இரண்டாம் பாலில் கொதி, இறாலைத் தலையோடு இறக்கி, ஓடு சிவந்ததும் முதல் பால், அடுப்பை அணைத்துவிடுவார். தலைக் கொழுப்பு பாலில் கரைந்து மேலே ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும். என் உத்தியோகத்தில் ஒயினும் இறாலும் நடுவில் ஆள் இல்லாமல் பேசிக்கொண்டது இந்த ஒரு தட்டில்தான். தேங்காய்ப்பாலின் வழவழப்பை அறுக்கப் புளிப்பு வேண்டும், தட்டில் அது இல்லை, கிளாசில் இருக்கிறது. புளிக்குழம்பிடம் தோற்ற அதே சொவினியோன் பிளாங்க் இங்கே ராஜா. எலுமிச்சை பிழிகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஒரு தடவை சிங்கப்பூர் குடும்பத்தோடு வந்த பாட்டி, பேரன் கிளாஸிலிருந்து ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு, "நார்த்தங்கா தொட்டுக்கிட்ட மாதிரி இருக்குப்பா" என்றார். ஒயின் பத்திரிகைக்காரர்கள் அரைப் பக்கம் எழுதுவதை அவர் முடித்துவிட்டார். அடுத்த நாள் லிஸ்டில் அந்தப் பாட்டிலுக்கு நேரே ஆங்கிலத்தில் இருந்த விளக்கத்தை அடித்துவிட்டுப் பையன்களுக்கு இதையே சொல்லச் சொன்னேன்.

ஒன்றுக்கு மட்டும் பொருத்தம் சொன்னதில்லை: சென்னாக்குன்னி. கடலிலிருந்து அள்ளி வெயிலில் காய வைத்த பொடி இறால். தேங்காயும் வற்றலும் சேர்த்து வறுத்துப் பொடித்தால் கிச்சன் முழுக்க மணக்கும். காய்ந்ததில் உப்பும் ருசியும் பல மடங்கு ஏறியிருப்பதால் வெள்ளை கசக்கிறது, சிவப்பு துருவாகிறது, செனின்கூடக் கையை விரித்துவிட்டது. மன்சானீயா தாங்கும் என்று நினைக்கிறேன், அது டாஸ்மாக் கிடங்கில் எனக்குக் கிடைத்ததில்லை. மாஸ்டர் அந்தப் பொடியை மெனுவில் ஏற்றவே விடவில்லை. மத்தியான ஷிஃப்ட் முடிந்து ஸ்டாஃப் மெஸ்ஸில் பழைய சோற்றுக்கு அதைத் தூவித் தருவார், கூட ஒரு சொம்பு நீர்மோர்.